நூற்று நாற்பதுக்குக் கீழே

மூன்றாவது தடவையும் ரத்த அழுத்தக் கருவி அதே எண்ணைத்தான் காட்டியது. நூற்று ஐம்பத்திரண்டு.

"மெஷின்லதான் கோளாறு," என்றார் மெக்கானிக்.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு," என்றாள் மனைவி. "எனக்கு நூத்திப் பதினெட்டு. உங்க பொண்ணுக்கு நூத்திப் பத்து. உங்க கையைக் கண்டா மட்டும் அதுக்கு ஆகாமப் போயிடுமா?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அவள் பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவளைப் போல மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்து கையை நீட்டினாள், நூற்றுப் பதினெட்டு. கல்லூரிக்குப் போகும் மகள் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே கையை நீட்டினாள், நூற்றுப் பத்து. மெக்கானிக்கின் கையில் பட்டையைச் சுற்றினால் மட்டும் கருவிக்கு ஏறிவிடுகிறது.

ஒரு பொருள் ஒழுங்காக வேலை செய்யவில்லை என்றால் அதைத் திறந்து பார்க்காமல் அவருக்குத் தூக்கம் வராது. சாப்பாட்டு மேசைமேல் பழைய செய்தித்தாளை விரித்து, கருவியின் நாலு திருகாணிகளையும் கழற்றினார். ரப்பர் குழாயில் ஓட்டை இல்லை. காற்றடிக்கும் குட்டி மோட்டார் சுத்தமாகச் சுற்றியது. காற்றை வெளியே விடும் வால்வில் ஒரு தூசிகூட இல்லை. இருந்தாலும் துடைத்தார். மூடினார். கட்டிக்கொண்டார்.

"இப்ப பாரு. வால்வைத் தொடைச்சாச்சு. காத்து எங்கயோ கொஞ்சம் தங்கியிருக்கு, அதான் விஷயம். இந்த மாதிரி சின்ன வால்வுல ஒரு தூசி உக்காந்தாப் போதும், மொத்தக் கணக்கும்..."

கருவி பீப் என்றது. நூற்று ஐம்பத்துநாலு.

"தொடைச்சதுக்கு ரெண்டு கூடியிருக்கு," என்றாள் மகள்.

இதில் அவருக்கு விளங்காத சங்கதி ஒன்றுதான். தலைவலி இல்லை. மயக்கம் இல்லை. பன்னிரண்டு மாடியைப் படியில் ஏறி, மேலே போய்ச் சாவகாசமாகப் பேச முடிகிறது. படுத்தால் அடுத்த நிமிஷம் குறட்டை. உடம்பு முழுக்க ஒழுங்காக இருக்க, எண் மட்டும் எங்கிருந்து வருகிறது?

விளங்காமல் இருந்தாலும் பரவாயில்லை என்று விட்டுவிடவும் முடியாது. அவருக்கு வேலை ஒரு லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனியில். லிஃப்ட் மேலும் கீழும் ஓடுகிற அந்த இருட்டுக் கிணற்றை அவர்கள் ஷாஃப்ட் என்பார்கள். லிஃப்டின் தலைமேல் ஏறி நின்றுகொண்டு, எண்ணெய் வாசனைக்கு நடுவே, கயிறுகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்ப்பதில் இருபத்தாறு வருஷத்தைக் கழித்தவர் அவர். ஒரு கயிறே லிஃப்டைத் தாங்கும். ஆனாலும் ஆறு கயிறு போட்டிருப்பார்கள். ஆறும் அறுந்தால் பிடிக்க ஒரு பிரேக். அது எப்போது பிடிக்க வேண்டும் என்று சொல்ல ஒரு சக்கரம். கயிறு அறுந்துவிடும் என்று தினமும் காலையில் மனதார நம்புவதற்குத்தான் அவருக்குச் சம்பளமே.

கம்பெனியில் ஒரு விதி உண்டு. வருஷத்துக்கு ஒருமுறை மருத்துவ அறையில் ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். நூற்று நாற்பதைத் தாண்டினால் ஷாஃப்டுக்குள் இறங்கக்கூடாது. அந்தரத்தில் நிற்கிற ஆளுக்குத் தலை சுற்றினால் யார் பதில் சொல்வது? போன வெள்ளிக்கிழமை அவருக்கு நூற்று ஐம்பத்திரண்டு. பத்து நாள் கழித்து, திங்கட்கிழமை மறுபரிசோதனை. அதிலும் தேறாவிட்டால் புகார் பிரிவில் தொலைபேசிக்கு முன்னால் நாற்காலி. அங்கே ஓய்வுபெறும்வரை ஒரே வசனம்: "கவலைப்படாதீங்க சார், ஆள் கிளம்பிட்டாரு."

கிளம்பாத ஆளைக் கிளம்பிவிட்டதாகச் சொல்ல அவருக்கு வாய் வராது.

அந்த வெள்ளிக்கிழமையும் கோளாறு கருவியில்தான் என்று அவர் நினைத்தார். வழக்கமான நர்ஸ் விடுமுறையில் இருந்தாள். பதிலுக்கு வந்தவள் புதியவள், மரியாதை தெரிந்தவள். கருவி எப்படி வேலை செய்கிறது என்று அவள் கேட்கவில்லை. அதனால் அவராகவே சொன்னார்.

"இது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல சிஸ்டர். பட்டைக்குள்ள காத்து ஏறும். ஏறி, கையில ஓடற ரத்தத்தை ஒரு நிமிஷம் நிறுத்திடும். அப்புறம் மெதுவா காத்தை விடும். எந்த இடத்துல ரத்தம் முட்டித் தள்ளிக்கிட்டு மறுபடி உள்ள நுழையுதோ, அந்த இடத்துல ஒரு சின்ன அதிர்வு. அதான் மேல் எண்ணு. அதிர்வு அடங்கற இடம் கீழ் எண்ணு. நாங்க லிஃப்ட்ல பிரேக் பாக்கற மாதிரியேதான். நிறுத்தணும், விடணும், எங்க நகருதுன்னு பாக்கணும்."

"அப்படியா சார்?" என்று கண்ணை அகல விரித்துக் கேட்டபடியே எண்ணைக் குறித்துக்கொண்டாள் அந்தப் பெண்.

கம்பெனியிலும் போகிற கட்டிடங்களிலும் அவருக்கு வைத்த பெயரே 'விளக்கம்'.

ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாளின் உடல்நலப் பக்கம் வீட்டுக்கு வந்ததும் பிரச்சினை வேறு கைக்குப் போனது. 'நல்லது நடக்கும் என்று நம்புகிறவர்களுக்கு இதயம் நன்றாக இருக்கிறது, ஆயுளும் கூடுகிறது' என்று அதில் போட்டிருந்தார்கள். அப்படிப்பட்டவர்கள் நடப்பார்கள், நேரத்துக்குத் தூங்குவார்கள், சொன்ன மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவார்கள், அதனால்தான் நன்றாக இருக்கிறார்கள் என்று அடுத்த நாலு பத்தியில் காரணமும் எழுதியிருந்தது. மனைவி தலைப்போடு நிறுத்திக்கொண்டாள். அது ஒன்றுதான் உடனே செய்யக்கூடியதாக இருந்தது.

"உங்களுக்கு வியாதியே வாய்தான்," என்றாள். "எழுந்ததும் கயிறு அறும், பல் சக்கரம் தேயும், பிரேக் வழுக்கும். வேற என்ன பேசறீங்க? ரத்தம் பயந்து போயிருக்கு."

"ரத்தத்துக்குக் காது இருக்கா?"

"பாத்தீங்களா, இதான். இனிமே இந்த வீட்டுல 'இல்ல', 'முடியாது', 'ஆனா' எதுவும் கிடையாது. பட்டையைக் கட்டறேன். கட்டினதும், 'நான் நல்லா இருக்கேன், என் பிரஷர் எறங்குது'ன்னு நம்பிக்கையாச் சொல்லணும். எண்ணு வர்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது."

கட்டினாள். சொன்னார். பதினொரு தடவை சொன்னார். நூற்று ஐம்பத்தாறு.

"பத்தாவது தடவையில சந்தேகப்பட்டீங்க. உங்க முகத்துலயே தெரிஞ்சுது," என்றாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மச்சான் வரவழைக்கப்பட்டான்.

மனைவியின் தம்பியான இவனுக்கு, டயர் கடைக்கு மேல்மாடியில் சனி, ஞாயிறுகளில் 'நம்பிக்கை வகுப்பு' உண்டு. அதற்கு முன்னால் மீன் தொட்டி விற்றான். அதற்கு முன்னால் காளான் வளர்த்தான். மீன்கள் மிதந்தபோதும் காளான் கறுத்தபோதும் இவன் முகம் ஒரு தடவைகூட வாடவில்லை. வாடியது பணம் போட்டவர்கள் முகம்தான். ஆகவே இந்தத் துறையில் இவனுக்கு நல்ல அனுபவம் இருந்தது.

"மாமா, சும்மா 'நல்லா இருக்கேன்'னு சொன்னா உடம்பு நம்பாது. உடம்புக்கு விவரம் வேணும். உங்களோட நூறாவது பொறந்தநாளை அப்படியே கண்ணு முன்னால கொண்டு வந்து, சத்தமாச் சொல்லணும். அக்கா, கட்டு பட்டையை."

"மச்சான், நூறு வயசுல நான்..."

"இருப்பீங்க! சொல்லுங்க. எங்க இருக்கீங்க?"

பட்டை இறுகியது. மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். கற்பனை செய்தாலும் அளவு சரியாக இருக்க வேண்டும் அவருக்கு.

"இதே வீட்டுலதான் இருக்கேன். ஆறாவது மாடி. எல்லாரும் வந்திருக்காங்க. எப்படி வந்தாங்க? லிஃப்ட்ல வந்தாங்க. அப்படீன்னா லிஃப்டுக்கு அப்ப வயசு அறுபத்தி மூணு ஆகுது. அறுபத்தி மூணு வருஷம் ஓடின மோட்டாரை எவன் பாத்துக்கறான்? நான் இல்ல. நான்தான் கேக்கு வெட்டிக்கிட்டு இருக்கேனே! எவனோ ஒரு அரைகுறை பாத்துக்கறான். அதுல போய் ஒரே நேரத்துல பன்னெண்டு பேர் ஏறியிருக்காங்க, பலகையில எட்டு பேர்னு எழுதியிருக்கு..."

நூற்று அறுபத்துமூன்று.

"சூப்பர்!" என்றான் மச்சான்.

"ஏறியிருக்குடா," என்றாள் அக்காள்காரி.

"ஏறத்தான் செய்யும்க்கா. கெட்டதெல்லாம் வெளிய போறதுக்கு முன்னால ஒரு தடவை மேல வரும். தண்ணி கொதிக்கறதில்லையா, அந்த மாதிரி."

தண்ணீர் கொதிப்பதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பதை மெக்கானிக் படம் போட்டு விளக்கியிருப்பார். ஆனால் 'இல்லை' தடை செய்யப்பட்டிருந்தது.

தடை வேலைக்கும் கூடவே போனது. மறுபரிசோதனை முடியும்வரை அவருக்கு ஷாஃப்ட் கிடையாது. கீழ்த்தளத்தில் பொத்தான் பலகை துடைக்கிற வேலைதான். புதன்கிழமை ஓர் எட்டு மாடிக் கட்டிடத்தில் துடைத்துக்கொண்டிருந்தபோது, மூன்றாம் மாடி டீச்சரம்மா கையில் காய்கறிப் பையோடு வந்தாள்.

"என்னங்க, லிஃப்ட்ல ஏதோ கறகறன்னு சத்தம் வருதே. ஏறலாமா?"

மற்ற நாளாக இருந்தால் அந்தச் சத்தம் கதவின் கீழ்த்தடத்தில் சிக்கிய மணல், அதற்கும் கயிற்றுக்கும் தொடர்பில்லை, கயிறு போனாலும் இத்தனை கயிறு உண்டு, இத்தனையும் போனாலும் பிரேக் உண்டு என்று இருபது நிமிஷம் சொல்லியிருப்பார். டீச்சரம்மாவும் கொட்டாவி விட்டுக்கொண்டே நிம்மதியாக ஏறிப் போயிருப்பாள். அன்றைக்கு அவர் மச்சான் சொல்லிக்கொடுத்த மாதிரி பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"கவலைப்படாதீங்கம்மா. எல்லாம் நல்லதே நடக்கும்."

டீச்சரம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். படிக்கட்டுப் பக்கம் திரும்பினாள்.

ஒரு மணி நேரத்தில் எட்டு மாடியும் படியில் நடந்தது. 'விளக்கமே விளக்கம் சொல்ல மாட்டேங்கறாரு, கும்பிடு போடற மாதிரி சிரிக்கறாரு' என்று செய்தி மாடிக்கு மாடி ஏறி, ஏழாம் மாடியில் 'கயிறு அறுந்துடுச்சாம்' என்று ஆகி, எட்டாம் மாடியிலிருந்து தொலைபேசி வழியாகக் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தது.

"என்னய்யா சொன்னே அவங்ககிட்ட?" என்றார் மேனேஜர்.

"நல்லதே நடக்கும்னு சொன்னேன் சார்."

"லிஃப்ட் மெக்கானிக் சொல்ற பேச்சாய்யா இது? ஆஸ்பத்திரியில டாக்டர் வானத்தைப் பாத்துக் கையைக் காட்டற மாதிரி! இத பாரு, திங்கக்கிழமை நூத்தி நாப்பதுக்குக் கீழ வந்தா ஷாஃப்ட். இல்லேன்னா அன்னிக்கு மத்தியானமே போன் நாற்காலி. அங்க உக்காந்து எத்தனை நல்லது வேணா நடத்திக்க."

வியாழக்கிழமை மச்சான் சிரிப்பு வைத்தியத்தைத் தொடங்கினான். பட்டை கட்டியதும் குடும்பமே வட்டமாக நின்று, தொப்புளிலிருந்து சிரிக்க வேண்டும். மகள் 'எனக்கு அசைன்மென்ட் இருக்கு' என்று நழுவப் பார்த்தாள், இழுத்து நிறுத்தினார்கள். மச்சான் ஹஹ்ஹஹ்ஹா என்று ஆரம்பித்தான். மனைவி ஹிஹி என்று சேர்ந்துகொண்டாள். மெக்கானிக் சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டு ஆள் மேலே ஓடி வந்து, "யாருக்காவது வலிப்பா?" என்று கேட்டார்.

நூற்று எழுபத்தொன்று.

"அப்பா, எண்ணு ஏறிக்கிட்டே போகுதுப்பா. நம்பிக்கை கூடக் கூட எண்ணும் கூடுது," என்றாள் மகள். "ஒரு தடவை நம்பிக்கையில்லாமப் பாத்தா என்ன?"

"வாயை மூடுடி," என்றாள் தாய். "ஏற்கெனவே அவரு மனசு தளர்ந்து போயிருக்கு."

தளர்ந்துதான் போயிருந்தது. சனிக்கிழமை அவர் யாருக்கும் தெரியாமல் அலுவலகத்துக்குப் போய், புகார் பிரிவின் கண்ணாடிக் கதவு வழியாக அந்த நாற்காலியைப் பார்த்துவிட்டு வந்தார். நாற்காலியின் ஒரு கை கழன்று தொங்கியது. மூன்று திருகாணிகள் தளர்ந்திருந்தன. அதைக்கூட அங்கே யாரும் முடுக்கியிருக்கவில்லை. முடுக்கத் தெரிந்தவர்கள் உட்காரும் இடம் அல்ல அது. வீட்டுக்கு வந்து, முதல் தடவையாக, மச்சானிடம் தானாகவே கேட்டார்.

"வேற ஏதாவது இருந்தா சொல்லு. என்ன வேணா செய்யறேன்."

மச்சானுக்குக் கண் கலங்கியது. இந்த வார்த்தைக்காகத்தான் அவன் மீன் தொட்டிக் காலத்திலிருந்து காத்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை டயர் கடை மாடியில் முப்பத்திரண்டு நம்பிக்கையாளர்கள் கூடினார்கள். நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் மெக்கானிக், அவர் கையில் பட்டை. மச்சான் கையை உயர்த்தினான்.

"என் ரத்தம் அமைதியா ஓடுது!" என்று மெக்கானிக் கத்தினார்.

"ஓடுது! ஓடுது!" என்றது கூட்டம்.

"என் இதயம் பூ மாதிரி இருக்கு!"

"இருக்கு! இருக்கு!"

கீழே டயருக்குக் காற்றடிக்கிற சத்தம்கூடக் கேட்கவில்லை. நூற்று எழுபத்தெட்டு. இன்னும் உரக்க என்றான் மச்சான். நூற்று எண்பது. முப்பத்திரண்டு பேரும் கைதட்டினார்கள். எண்ணைப் பார்த்து அல்ல. அவர்கள் எதற்கும் கைதட்டுவார்கள். சாயங்காலம்வரை கத்தியதில், கடைசி 'பூ மாதிரி'யில் 'பூ' மட்டும்தான் வந்தது. 'மாதிரி' காற்றாகப் போனது.

திங்கட்கிழமை காலை எழுந்து, "பல் பிரஷ் எங்க?" என்று கேட்க வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. முனகல்கூட இல்லை. தொண்டை அடியோடு கட்டிக்கொண்டிருந்தது.

"நல்ல அறிகுறி மாமா," என்றான் மச்சான். "உள்ள இருந்த கெட்டதெல்லாம் காலியாயிடுச்சு."

மெக்கானிக் அவனை ஒரு பார்வை பார்த்தார். இருபத்தாறு வருஷத்தில் அவர் பேசாமல் சொன்ன ஒரே விளக்கம் அதுதான். மச்சானுக்குப் புரிந்தது, ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தான்.

மருத்துவ அறைக்கு மூவருமாகப் போனார்கள். விடுமுறை முடிந்து பழைய நர்ஸ் வந்திருந்தாள். பேச்சைக் குறைத்து வேலையைப் பார்க்கிற, மூக்குக் கண்ணாடி போட்ட பெரிய அம்மாள். "உக்காருங்க. காலைக் கீழ ஊனுங்க. சாஞ்சுக்குங்க," என்று சொல்லிவிட்டு, வேறு யாருடைய படிவத்தையோ எழுத ஆரம்பித்தாள். ஐந்து நிமிஷம் போனது. மெக்கானிக் சுவரைப் பார்த்தார். சுவரில் ஓர் ஆணி. அதைப் பற்றிச் சொல்லவும் வழியில்லை. மனைவி அவர் தோளைத் தொட்டாள். அவள் கை சில்லிட்டிருந்தது.

நர்ஸ் பட்டையைச் சுற்றினாள். காற்று ஏறியது. மெல்ல இறங்கியது. மெக்கானிக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஷாஃப்ட், எண்ணெய் வாசனை, விரலில் ஓடும் கயிறு எல்லாம் ஒருமுறை வந்து போயின.

"நூத்தி இருபத்தாறு," என்றாள் நர்ஸ்.

"எவ்வளவு?" என்றாள் மனைவி.

"நூத்தி இருபத்தாறு. இருங்க, இன்னொரு தடவை பாத்துடறேன்." பார்த்தாள். "நூத்தி இருபத்துநாலு. நல்லா இருக்காரு. மேல ஏறலாம், கீழ எறங்கலாம்." படிவத்தில் கையெழுத்துப் போட்டாள்.

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மெக்கானிக்குக் கண்ணில் நீர் நிறைந்து, சொல்ல வார்த்தை நிறைய இருந்து, தொண்டையில் ஒன்றுமில்லாமல், நர்ஸைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார். மச்சான் துள்ளி எழுந்தான்.

"நம்பிக்கை சிஸ்டர்! வெறும் நம்பிக்கை! போனதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை நூத்தி அம்பத்திரண்டு. பத்தே நாள்ல எறக்கிட்டோம். மருந்து இல்ல, மாத்திரை இல்ல. இதை நீங்க எல்லாருக்கும் சொல்லணும்."

"அப்படி என்ன பண்ணீங்க?" என்றாள் நர்ஸ், மூக்குக் கண்ணாடியைக் கழற்றியபடி.

"ரொம்ப சுலபம். பட்டையைக் கட்டின உடனே மாமா பேச ஆரம்பிச்சிடணும். முதல்ல 'நான் நல்லா இருக்கேன்', அப்புறம் நூறாவது பொறந்தநாள், அப்புறம் சிரிப்பு, நேத்து முப்பத்திரண்டு பேரை வெச்சுக் கத்தல். எண்ணு வர்ற வரைக்கும் ஒரு நொடி வாயை மூட விட மாட்டோம். அவரும் லேசுப்பட்டவர் இல்ல சிஸ்டர், முதல் நாள் இங்க பாத்தப்பவே அந்தச் சின்ன நர்ஸுக்கு மெஷினைப் பத்திப் பாடமே எடுத்திருக்காரு!"

நர்ஸ் மூவரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகு பட்டையைச் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டே சொன்னாள்:

"பேசிக்கிட்டே பாத்தா யாருக்கும் ஏறத்தான் செய்யும், இவருக்குப் பிரஷரே கிடையாது, பத்து நாளா நீங்க அளந்தது பூரா அவரு பேச்சைத்தான் — இனிமே பட்டையைக் கட்டினா வாயை மூடிட்டு உக்காரச் சொல்லுங்க, போதும்."